நங்கூர வடம் விற்ற எட்டியார் குறித்து மாணிக்கவேழ மன்னருக்கு

கடல் வளர்க, கலம் வளர்க, இரு கரையிலும் நீதி தழைக்க.

பொன்னிலங்குத் தீவத்தின் தனிக்குடை வேந்தர், முத்துப்படுகைகளுக்கு உரியவர், வாணிகரைப் பெற்ற பிள்ளைபோல் வளர்ப்பவர், திருமிகு மாணிக்கவேழ மன்னர் திருமுன், முந்நீர்க்கோட்டத்துப் பெருந்தேவி அல்லியங்கோதையாரின் ஆணையால் ஓலைநாயகம் சேந்தன் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மாரி பொய்க்காதிருக்கவும், மாடங்கள் ஓங்கி நிற்கவும், தங்கள் வாணிகரின் கொடைக்குணம் மட்டும் சற்றே குறைந்து விளங்கவும் எம் தேவியார் வாழ்த்துகிறார்.

அக்கொடைக்குணம் பற்றியதே இவ்வோலை.

எம் துறையில் நிற்கும் கலங்களுக்கு நங்கூர வடம் வேண்டியிருந்தது. எந்நாட்டவரும் வரலாம், வலிமையும் விலையும் பார்த்தே கொள்வோம் என்று தேவியார் முரசறைவித்தார். தங்கள் கையால் வாணிகருக்குரிய எட்டிப் பட்டம் பெற்ற நன்னாகனார் வந்தார். சங்கலத் தீவிலிருந்து கொற்றியார் என்னும் வணிகப் பெண்ணும் வந்தார். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எம் துறைக்காவலர் கீரன் ஆதனாருடையது.

கீரனாருக்கு மணப்பருவத்தில் ஒரு மகள் உண்டென்பதை அவர் சுற்றத்தாருக்கு முன்பே எட்டியார் அறிந்து வைத்திருந்தார். வடத்தின் மாதிரி வருமுன் முத்தாரம் ஒன்று கீரனார் இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் மனைவியார் அதை எடுத்து மகள் கழுத்தில் வைத்துப் பார்த்தார். கீரனாரும் பார்த்தார், மறைக்க வேண்டியதில்லை, நெடுநேரமே பார்த்தார். பிறகு அதைத் துணியில் சுற்றித் திருப்பி அனுப்பினார். அன்று அவர் வீட்டில் எவரும் அவரோடு பேசவில்லை என்றாலும், தம் கை சுத்தம் என்ற நிறைவில் நன்றாக உண்டார்.

கொடை பலிக்காத இடத்தில் எட்டியார் உண்மை விளம்பலானார். கொற்றியார் கடற்கொள்ளையரின் கூட்டாளி என்று மூன்று சான்றோரைக் கொணர்ந்து நிறுத்தினார். மூவரும் தங்கள் மலைநாட்டினர். இங்கு வரக் கலமேறும்வரை கடலைக் கண்ணால் கண்டறியாதவராயினும், அதில் நடந்த கொள்ளையைத் தெளிவாகக் கண்டிருந்தனர். கீரனார் அவர்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சான்று வந்தால் காவலில் வைப்பதே முறை என்று கொற்றியாரைச் சிறையிட்டார். எதிரில் நிற்க ஆளில்லாத போட்டியில் எட்டியார் வீரத்துடன் வென்றார்.

சிறையில் தம்மைப் பார்க்க வந்த கீரனாரிடம் கொற்றியார் அழவுமில்லை, வேண்டவுமில்லை.

"நீங்கள் கைக்கூலி வாங்கவில்லையென்று ஊரெல்லாம் சொல்கிறது, ஐயா. வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பீர்களோ, அதைத்தான் வாங்காமலே செய்துவிட்டீர்கள்" என்றார்.

கீரனார் வீடு திரும்பினார். அதன்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில் புயல் வந்தது. எட்டியாரின் புதுவடங்கள் புடலங்கொடிபோல் அறுந்தன. எம் கலங்கள் ஒன்றையொன்று மோதிப் பிளந்தன. மாலுமிகள் சிலர் கரை திரும்பவில்லை. பொழுது விடிந்ததும், கண்ணீரும் சேறுமாய்த் துறையில் நின்ற கீரனார் ஒரு வியப்பைக் கண்டார். எட்டியாரின் சொந்தக் கலம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. படகேறிச் சென்று அதன் வடத்தைக் கையால் பற்றினார். செந்நூல் ஊடோடிய முறுக்கு. சங்கலத் தீவில் கொற்றியார் பட்டறையிலன்றி வேறெங்கும் திரிக்கப்படாதது.

மன்றத்தில் கேட்டபோது எட்டியார் நாணவில்லை. "விற்க ஒரு வடம், உயிரைக் கட்ட ஒரு வடம். வாணிகம் அறியாதவரிடம் இதை எப்படி விளக்குவேன்?" என்று வருந்தினார். மலைநாட்டுச் சான்றோரைக் கீரனார் இம்முறை கேள்வி கேட்டார். கடல்நீர் என்ன சுவை என்றார். ஒருவர் இனிக்கும் என்றார்.

கொற்றியார் அன்றே விடுவிக்கப்பட்டார். வடம் வழங்கும் வாணிகம் அவருக்கே ஆயிற்று. கீரனார் அவர் முன் தலைப்பாகையைக் கழற்றி வணங்கி, தம் பதவியைத் துறப்பதாகத் தேவியாரிடம் விண்ணப்பித்தார். கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட காவலரை இழக்க மனமில்லை என்று தேவியார் மறுத்துவிட்டார். மாண்ட மாலுமிகளின் குடும்பங்களைக் காக்கும் பணியையும் அவரிடமே ஒப்படைத்தார்.

எட்டியார் தங்கள் குடியாதலால், தங்கள் நீதிமன்றத்துக்கே அவரை அனுப்பிவைக்க எம் தேவியார் பெருந்தன்மையுடன் இசைந்தார். அதைக் கேட்டதும் எட்டியார் முதன்முறையாக அஞ்சி, தேவியாரின் காலில் விழுந்தார். "தாயே, அங்கே என் பகைவர் என்னைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிடுவர். இங்கேதான் வாங்க ஆளில்லை. இங்கேயே என்னை விசாரியுங்கள்" என்று மன்றாடினார்.

தங்கள் நாட்டு நீதியைத் தங்கள் எட்டியாரைவிட நன்கறிந்தவர் யாரிருக்க முடியும்? ஆகவே அவர் வேண்டியபடியே வழக்கை எம் மன்றத்தில் நடத்துகிறோம். அது முடியும்வரை, தங்கள் தூதர் எவரும் பரிசுப்பொருள் ஏதுமின்றி வெறுங்கையோடு வருக.

மீன்முத்திரை இட்டோம். இது தேவியார் ஆணை.