வாரத்துக்கு விட்ட கோழிகள்

ஜூன் 9, 2025. திங்கள்

மாமல்லபுரம் பேருந்தில் உட்கார இடமில்லை. முட்டை ட்ரேக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றே போனேன். விடுதிச் சமையலறையின் பின்வாசலில் ஜோஷ்வா எண்ணி வாங்கினான். அங்கே கொள்முதல் அவன் பொறுப்பு. கிளம்பும்போது சொன்னான்: "மேடம், ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இல்லாம இனிமே வாங்க முடியாது. ஆடிட்ல கேக்கறாங்க. கொஞ்ச நாள் நான் சமாளிக்கறேன்."

கோழி முட்டைக்கு எண் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியபோது முறைசாராத் துறை பற்றி ஒரு பாடம் உண்டு. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். எனக்கும் வரும்.

அந்த வேலை போன பிறகு இந்த விடுதியை நம்பித்தான் இருக்கிறேன். தெருவில் இன்னும் சில வீடுகளும்.

ஜூன் 12. வியாழன்

செங்கல்பட்டு. எண்ணுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையம். கணினிக்கு முன்னால் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள்: "உற்பத்தியா, விற்பனையா?"

"இரண்டும்."

"கோழி யாருது? எங்க இருக்கு?"

முதலில் வாங்கிய வெடைக்கோழிகளைத் தெருவில் வாரத்துக்கு விட்டவள் நான். கோழி என்னுடையது, வளர்ப்பது அவர்கள், முட்டையிலும் குஞ்சிலும் ஆளுக்குப் பாதி. அவர்கள் பாதியையும் வாங்கி என் பாதியோடு விடுதிக்குக் கொண்டுபோவேன். எதிர்வீட்டு வேண்டாவின் பங்குக்கு வந்த குஞ்சு அவள் பக்கத்து வீட்டுச் செல்லம்மாவிடம் வாரத்துக்கு வளர்கிறது. செல்லம்மாவுடையது தெருவின் கடைசி வீட்டில். இதில் தெருவுக்குக் குழப்பமே இல்லை. காலையில் முட்டை வாங்கும்போது "ஒண்ணுதானா?" என்று நான் கேட்பேன். அவர்கள் "ஒண்ணுதான்" என்பார்கள். நான் முழுசாக நம்பியதில்லை. அதோடு சரி.

கணினிக்கு இதை எப்படிச் சொல்வது? என் கொல்லையில் இருப்பவை மட்டும் என் கோழி, மற்றவை அவரவர் வீட்டுக் கோழி, முட்டையை நான் வாங்கி விற்கிறேன் என்று போடச் சொன்னேன். பாதிப் பொய். தெருவில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

ஜூன் 19. வியாழன்

கீரி. கறுப்புக் கோழி போய்விட்டது. வேலியோரம் இறகுதான் கிடந்தது.

ஜூன் 25. புதன்

வந்துவிட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலரும் பஞ்சாயத்து ஆள் ஒருவரும். அலுவலர் இளைஞர், மரியாதையானவர். என் கொல்லையைப் பார்த்து முடித்ததும், "மத்த வீடுகளையும் பாத்துடலாமா மேடம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வேண்டாவின் வாசலில் நின்றார்.

"இது யார் கோழிம்மா?"

வேண்டா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "டீச்சரு கோழி சார். நான் வாரத்துக்கு வளத்துகினு கீறேன்."

"இது?"

"அதுவுந்தான்."

நான் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள் — நன்றாகச் சொல்கிறேன் பார் என்பதுபோல. செல்லம்மா இன்னும் ஒரு படி மேலே: "எல்லாமே டீச்சருதுதான் சார். எங்களுக்கு ஏது?" ஆபீசர் என்றதும் பயம். எனக்கு மரியாதை செய்வதாகவும் ஒரு நினைப்பு. கடைசி வீட்டில் நிற்பது செல்லம்மாவின் கோழி. அதையும் என் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

அவர் எல்லாவற்றையும் என் பெயரிலேயே எழுதினார். "இத்தனை கோழி ஒருத்தர் பேர்ல இருந்தா அது பண்ணை மேடம். பண்ணைன்னா வீடுங்களுக்கு நடுவுல வைக்க முடியாது. நீங்க போட்டிருக்கறதும் இவங்க சொல்றதும் ஒத்துப்போகலையே."

விண்ணப்பம் நிறுத்தம். திருத்திப் போட்டால் திரும்ப வந்து பார்ப்பாராம்.

ஜூன் 26. வியாழன்

வேண்டாவிடம் கத்திவிட்டேன். நான் கத்துகிற ஆளில்லை.

"நாங்க சொன்னதுல இன்னா தப்பு? உன்னாண்ட வாங்கின கோழி உன்துதானே? பொய் சொல்லச் சொல்றியா?"

"சரி, தாய்க்கோழி எல்லாத்தையும் உங்களுக்கே கொடுத்துடறேன். அப்புறம் அது உண்மைதானே."

அவள் முகம் மாறிப்போனது. "சும்மா குடுத்தா வாங்கிக்கணுமா? நாங்க இன்னா பிச்சைக்கா நிக்கறோம்? வாரத்த முறிக்கறன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு டீச்சரு. ஆபீசர் மேல பழி போடாத."

எனக்கும் அது தெரியும். வாரம் இருக்கிறவரைதான் ஒரு வீட்டு வாசலை இன்னொரு வீடு காலையில் மிதிக்கும். என்னைப் போலத் தனியாக இருப்பவளுக்கு வேறு யார் காலையில் வாசலுக்கு வரப்போகிறார்கள்? ஆனால் அதை விண்ணப்பத்தின் எந்தப் பத்தியில் போடுவது?

ஜூன் 29. ஞாயிறு

கோயில் முடிந்து வந்தால் வாசல் முழுக்கக் கோழி. கூடைகளில் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பகலெல்லாம் கொல்லையில் இரைச்சல்.

பொழுது சாயும்போது வேலிச் சந்து வழியாக ஒவ்வொன்றாக வெளியேறி, தெருவைக் கடந்து, அதது வளர்ந்த வீட்டுக்குப் போய் அடைந்துவிட்டன. நான் தடுக்கவில்லை. வேண்டா அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 1. செவ்வாய்

வேண்டா வந்தாள். அக்குளில் ஒரு செவலை வெடைக்கோழி, இன்னும் முட்டையிடத் தொடங்காதது.

"ராவெல்லாம் ரோசன பண்ணேன். கோழிங்கள நாங்களே வச்சிக்கறோம். ஆனா என் வூட்டு வெடை இத்த நீ வாரத்துக்கு எடுத்துக்கணும். அப்பதான் வாரம் வுட்டுப்போவாது."

"ஆபீசர் இதையும் கேப்பாரே."

"கேக்கட்டும். ஒண்ணு இன்னா பண்ணையா?"

வாங்கிக்கொண்டேன். இனி அந்த வீடுகளில் என் பாதி கிடையாது. வாங்கி விற்பதில் மிஞ்சினால்தான். சரி என்று சொன்னது நியாயம் பார்த்தா, களைப்பிலா? களைப்பில் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 10. வியாழன்

திருத்திப் போட்டேன். ஆபீசர் திரும்ப வந்தார். வீட்டுக்கு வீடு "என்து சார், என்து சார்" என்றார்கள், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல. என் கொல்லைக்கு வந்து செவலையைக் காட்டினார்.

"இது உங்களுதுதானே மேடம்?"

வேலிக்கு அப்பாலிருந்து வேண்டா: "அதுவும் என்துதான் சார். டீச்சரு வாரத்துக்கு வளக்கறாங்க."

பேனா நின்றது. "அன்னிக்கு எல்லாம் மேடத்துதுன்னு சொன்னீங்க?"

"அன்னிக்கு அப்டி," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன். கடைசியில் ஏதோ எழுதிக்கொண்டார்.

ஜூலை 24. வியாழன்

மழை. ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 18. திங்கள்

எண் வந்துவிட்டது. விற்பனையாளர் என்று. அச்செடுத்து எடுத்துப்போனேன். ஜோஷ்வா வாங்கிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தான். "நல்லது மேடம். ஆனா நடுவுல பாக்கெட் முட்டைக்காரங்க வந்துட்டாங்க, தேதியெல்லாம் அச்சடிச்சு. உங்ககிட்ட இனிமே முன்ன மாதிரி முழுசா வாங்க முடியாது, பாதிதான்." அவன் என்ன செய்வான்? மிச்ச ட்ரேயைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். பொத்தேரிச் சாப்பாட்டுக் கடைகளில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செவலையைக் காணோம். தேடினால் கட்டிலுக்கடியில், பழைய பாடக் குறிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முதல் முட்டை. அது எழுந்ததும் முட்டையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். தலை முட்டை கோழிக்காரிக்கு.

வேண்டா வாங்கி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்," என்றேன்.