வரப்பில் ஒதுங்கின கால்

சென்னை
10-1-1972

அன்புள்ள அப்பாவுக்கு சாமிதுரை வணக்கம். நான் சுகமா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்னுச்சா?

எங்க காலேஜ் ஃபுட்பால் டீம் இந்த வருஷம் நம்ம கடைமடை வாய்க்கால் மாதிரி, ஒரு நாள் பாயுது, ஒரு நாள் காயுது. எதிர் டீம் ஒண்ணுல நம்ம ஊர் மிராசுதார் மகன் சந்தானகிருஷ்ணன் ஆடுறாரு. போன மாசம் பந்தோட நேரா என் மேலயே வந்தாரு. அவரைத் தடுக்கத்தான் என்னை நிறுத்தியிருந்தாங்க. ஆனா வரப்புல அவங்க வீட்டு ஆளுங்க வந்தா நாம வயல்ல இறங்கி நிப்போமே, அப்படியே என் கால் தானா ஒதுங்கிடுச்சு. கோல் விழுந்து தோத்தோம். வழுக்கிடுச்சுன்னு டீமில் சொல்லிட்டேன்.

நேத்து மறுபடியும் அவங்களோட ஆட்டம். அதே மாதிரி வந்தான். நான் நகரலை. மோதி ரெண்டு பேரும் விழுந்தோம். ஆட்டத்தில ஜெயிச்சோம். உதடு லேசா கிழிஞ்சிருக்கு, அம்மாகிட்ட சொல்லாதீங்க. சந்தானம்தான் கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தா கொஞ்சம் கருவாடும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடுங்க. விடுதிப் போர்வையில தூக்கம் வரலை.

மிராசுதார் வீட்டுக்கு அறுவடைக் கூலிப் பேச்சுக்குப் போனா முன்னாடி நிக்காதீங்கன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்ப அதை எப்படி எழுதுறது? பாத்து நில்லுங்கப்பா.

விடுதி வாசல்ல தபால்காரர் பெட்டியைத் திறந்துட்டாரு, முடிச்சுக்கறேன்.

உங்க மகன்
சாமிதுரை