கவிழ்த்த மரக்காலும் தச்சன் ஏறனின் வழக்கும்

நலம் பெருகுக! கழிமுகத் துறைகள் அனைத்தையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் கோமகள் நீலவேணியார் மொழிந்தருள, ஓலைநாயகம் மாறன் கணிச்சி எழுதியது. தென்கழிக் கோட்டத்து அதிகாரி விழுப்பேரையர் கண்டு தெளிக. தங்கள் ஏரிக்கரை உடையாதிருக்கட்டும். தங்கள் களஞ்சியத்தில் எலி புகாதிருக்கட்டும்.

அரக்கு முத்திரையைப் பார்த்ததும் தண்டனை ஓலையோ என்று அஞ்சியிருப்பீர்கள். அஞ்ச வேண்டா. தண்டம் ஏதும் இல்லை. மூச்சை நன்றாக விட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

கணவனும் மனைவியும் பிரிந்தால், பிள்ளை தாயிடம் வளர, தந்தை பௌர்ணமிதோறும் நெல் கொண்டுவந்து வாசலில் அளந்து கொடுப்பது நம் நாட்டு முறை. பிள்ளை வளர்ந்து ஆளான நாளில், நெல் அளந்த மரக்காலை வாசலில் கவிழ்த்துவிடுவார்கள். அன்றோடு தந்தையின் கடன் தீர்ந்தது. நோயால் உழைக்க இயலாத பிள்ளைக்கும், ஆசான் வீட்டில் இன்னும் கற்கும் பிள்ளைக்கும் மட்டுமே மரக்கால் கவிழாது. கவிழ்ந்தபின் தந்தை அவ்வாசலை மிதிக்கலாகாது என்றும் ஒரு விதி உண்டு. பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கியதும், கொடுத்த நெல்லைத் திருப்பிக் கேட்டு வாசலில் வந்து நின்ற தகப்பன்மார் சிலருக்காக நம் முன்னோர் வைத்த விதி அது.

தங்கள் கோட்டத்துப் படகுத் தச்சன் ஏறன், தன் மகள் பூதியின் வாசலில் மரக்கால் கவிழ்ந்தபின்னும் நெல்மூட்டையோடு வந்தான். தங்கள் காவலர் விதிப்படி தடுத்தனர். அவன் தலைநகருக்கே நடந்துவந்து முறையிட்டான். இங்கேதான் நம் எழுத்தர் ஒரு காரியம் செய்தார். மரக்கால் வழக்கென்று வருகிறவர் எல்லோரும் கடனிலிருந்து விடுதலை கேட்பவரே ஆதலால், இவனை ஒரு வார்த்தை கேளாமல் வழக்கம்போல் 'விடுதலை வேண்டி' என்று மனு எழுதி அவையில் வைத்துவிட்டார்.

கோமகளார் மனுவைக் கேட்டு, கடன் ஏற்கெனவே தீர்ந்தது, நீ போகலாம் என்று அருளினார். மகிழ்ந்து வணங்கிப் போவான் என்று நாங்கள் அடுத்த வழக்கை எடுத்தோம். ஏறனோ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடன் தீரவில்லை, தன் மகள் நோயாளி, ஓயாத இருமல் என்றான். சாட்சிக்கு வந்திருந்த பூதி அவையின் நடுவே திடகாத்திரமாக நின்றாள். சொந்தமாகத் தறி வைத்துக் கப்பல்பாய் நெய்கிற பெண் அவள். உடனே ஏறன், அவள் இன்னும் நெசவு கற்றுக்கொண்டிருப்பதாகப் பேச்சை மாற்றினான். அவை சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன்.

கோமகளார் மட்டும் சிரிக்கவில்லை. தீர்ந்த கடனை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று வினவினார். அவன் சொன்னதைச் செந்தமிழாக்காமல் எழுதச் சொன்னது அவர் ஆணை.

"நெல்லு இருந்தாத்தான் தாயி அந்த வாசலுக்குப் போக முடியும். வெறுங்கையோட போனா நான் யாரு? மவள நான் பாக்குறதே அந்த அளக்குற நேரந்தான். கணக்கு தப்பிப்போச்சுன்னு சொல்லி மறுபடியும் மொதல்லேருந்து அளப்பேன். இனிமே அதுவும் இல்லேன்னா எனக்கு என்னா இருக்கு?"

அப்போது பூதி வாய் திறந்தாள்.

"அப்பா, கணக்கு ஒண்ணும் தப்பல. நான் உன் கூடவே எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். நீ மறுபடி அளக்கணும்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

ஏறன் அவையென்றும் பாராமல் விசும்பி அழுதான். எனக்கும் கண் கலங்கியது. ஓலைநாயகம் அழலாகாது என்று விதி ஏதும் இல்லை. பூதியோடு வந்திருந்த தாய் நக்கியை வினவியபோது, தனக்கு வழக்கு அந்த மனிதனோடு குடித்தனம் நடத்துவதில்தானே தவிர அவன் வாசலில் வந்து போவதில் அன்று என்றாள். பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது எங்களுக்கு. ஒரு பழைய விதி யாரையும் நசுக்காமல் தப்பியதே!

ஆகவே கோமகளார் ஆணை இதுவாகும். ஆளான மகளுக்கு ஏறன் நெல் கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லன். அவனிடம் எவரும் கேட்கவும் கூடாது. வாசலை மிதிக்கலாகாது என்னும் விதி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வருபவரை மட்டுமே தடுக்கும். பிள்ளை வா என்று அழைக்கும் தந்தையைத் தடுக்காது. தங்கள் காவலர் ஏறனின் மூட்டையைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டா. அவன் இனி மூட்டை இல்லாமல் வருவான். பௌர்ணமிக்குக் காத்திராமலும் வருவான். தங்கள்மேல் குற்றமில்லை, எழுத்தர்மேல் உண்டு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. வழக்கு முடிந்ததால் கவிழ்த்த மரக்காலைக் களஞ்சியத்துக்கு எடுத்துவரத் தங்கள் ஆட்கள் போவார்கள். போக வேண்டா என்று தடுத்துவிடுக. அது பூதியின் வாசலிலேயே கவிழ்ந்தபடி இருக்கட்டும். அப்பா வந்தால் உட்கார ஏதாவது வேண்டாமா என்று அவள் கேட்டாள். அதையும் ஆணையில் சேர்க்கச் சொல்லிக் கோமகளார் தம் கையாலேயே முத்திரை இட்டருளினார்.