பிரிவால் வருந்துவோர்

திருப்பதி
9.11.1974

அன்புள்ள தம்பி சாந்தகுமாருக்கு,

கர்த்தர் உன்னைக் காத்து வருவாராக. இங்கே நானும் சித்தூரில் கிரேஸும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உடம்புக்கு என்று எழுதியிருப்பதை நீ கவனித்திருப்பாய்.

மழை பிடித்துக்கொண்டது. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. சித்தூர் வீட்டுச் சமையலறையில் ஒழுகுகிறது. ஓடு மாற்ற ரங்கையாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எப்போதும்போல நாளைக்கு வருகிறேன் என்கிறார். கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் வேலை இப்போதுதான் முடிந்தது. பெண்கள் இன்னும் அரசர்களின் பட்டங்களைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். சரித்திரம் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை கிரேஸ் இங்கே வந்தாள். நீ அவளுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்திருந்தாள். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை நான் படிப்பது சரியல்ல என்று சொன்னேன். "படிச்சிடுங்க அக்கா, ஊரே என் எழுத்தப் படிச்சிடுச்சி, நீங்க இதப் படிச்சா என்னா" என்றாள். படித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். உன்னைக் கண்டிப்பதற்காக அல்ல.

நீ இங்கே இல்லாததால், அவள் எழுத வந்த கதை உனக்குத் தெரியாது. நம் சபையில் அடக்க ஆராதனையின்போது ஜீவிய சரித்திரம் வாசிப்பார்களே, பிறந்த ஊர், பெற்றோர், ஞானஸ்நானம், உத்தியோகம், கடைசியில் பிரிவால் வருந்துவோர் பெயர்கள் என்று. அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிடும். குழந்தைகளுக்கு அதை எழுதும் வழக்கமில்லை. எட்டு வயதில் என்ன உத்தியோகம்? ஆனால் உங்கள் ஜெயசீலி போன அன்று கிரேஸ் ஆயர் கிருபானந்தத்திடம், "எங்கொழந்தைக்கும் வாசிக்கணும் ஐயா" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுதினாள். குழந்தை தெலுங்குப் பள்ளியில் படித்ததால் தமிழையும் தெலுங்கு எழுத்தில் எழுதுவாள் என்பது அதில் இருந்தது. உனக்கு எழுதும்போது மட்டும் உன்னைக் கூப்பிடும் நைனா என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று அம்மாவை நச்சரித்துக் கற்றுக்கொண்டாள் என்பதும் இருந்தது. ஆயர் பாதியில் தாளைக் கிரேஸிடம் நீட்டிவிட்டார். மீதியைக் கிரேஸே எழுந்து வாசித்தாள்.

அதன் பிறகு சபையில் யார் இறந்தாலும் அவளைக் கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதத் தொடங்கியதும் அவளால் நிறுத்த முடியவில்லை. பாலையா கடையில் பொட்டலம் கட்ட வாங்கிப்போடும் பழைய வாரப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு கட்டுரை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்ப்பாள். அதுதான் அவளுடைய படிப்பு. முதலில் பத்திரிகைக்கு அனுப்பியவற்றைத் தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள். ஒரு பக்கம்தான் எழுத வேண்டும், திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறை வைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். சொன்னபோது, இது எங்கும் போய்ச் சேரப்போவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். அவள் வைத்த உறைகள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. அவளும் ஒழுங்காக மறுபடி அனுப்பினாள்.

பத்திரிகையில் எடுத்துக்கொண்ட முதல் கட்டுரை காணிப்பாக்கத்தைப் பற்றியது. குடியை விடுவதாகச் சத்தியம் செய்யப் புருஷர்களை இழுத்து வருகிற பெண்களோடு கோயில் குளத்தருகே போய் உட்கார்ந்துவிட்டாள். ஆயருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். நாகலாபுரத்துப் பக்கத்து லட்சுமம்மா என்ற ஒரு பெண் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: "சத்தியம் பண்ண வர்றப்பவே ஊத்திக்கினு வந்துட்டாரும்மா. சாமிக்கு மூக்கு அடச்சிக்கினு இருக்குதுன்னு நெனச்சிக்கினாரு போல." பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு அவள், "போடும்மா, அந்தாளுக்குப் படிக்கத் தெரியாது, ஊராவது படிக்கட்டும்" என்றாளாம். நான் விரிவுரை அறையில்கூடச் சிரித்துவிட்டேன். ஆனால் கட்டுரையை லட்சுமம்மா பிறந்த ஊர், பெற்றோர் பெயரிலிருந்துதான் கிரேஸ் தொடங்கியிருந்தாள். உயிரோடு இருப்பவளுக்கு அடக்க ஆராதனை நடத்துவதுபோல. பத்திரிகைக்காரர்கள் அதை வெட்டிவிட்டு மீதியைப் போட்டார்கள்.

அதிலிருந்து தெருவில் அவளுக்கு ஒரு மரியாதை, ஒரு கிண்டல். எதிர்வீட்டுச் செங்கம்மா, "எழுதற அம்மா வருது, வாயக் கட்டுங்கடி, அடுத்த வாரம் பொஸ்தகத்துல வந்துடப்போறோம்" என்பாள். சொல்லிவிட்டு அவளே வந்து உட்கார்ந்து தன் கதை முழுவதையும் சொல்லுவாள்.

இனி உன்னைக் கோபப்படுத்திய அந்தக் கதைக்கு வருகிறேன். உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு கதை எழுதுங்கள் என்று பத்திரிகையில் கேட்டிருக்கிறார்கள். அவள் ஜெயசீலியை எழுதினாள். கதை என்றால் பெயர்களை மாற்றிக்கொள்ளலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம், என்னிடம் காட்டவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது பெயரை மாற்றுவது பொய், விடுவது அவமானம். அதனால் கடைசியில் பிரிவால் வருந்துவோர் பெயர்களையும் எழுதினாள். பத்திரிகைக்காரர்கள் அதைப் புது உத்தி என்று நினைத்து வெட்டாமல் விட்டுவிட்டார்கள். பிலாயில் உருக்காலையில் பணிபுரியும் தகப்பன் சாந்தகுமார் என்று அச்சில் வந்துவிட்டது.

பெற்ற பிள்ளையை அவள் காசுக்கு விற்றுவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். இன்னொரு வரி அச்சில் வந்தால் சித்தூர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த நாளிலிருந்து அவள் பேனாவைத் தொடவில்லை. திருச்சானூரில் கார்த்திகைப் பிரம்மோற்சவம் வருகிறது. பஞ்சமி தீர்த்தத்தன்று குளத்தில் முழுக வருகிற பெண்களைப் பற்றியும், தெருவில் வளையல் கடை போடுகிறவர்களைப் பற்றியும் எழுதித் தரும்படி பத்திரிகையிலிருந்து கேட்டு வந்திருக்கிறது. கேட்டு வந்தது இதுதான் முதல் தடவை. "அவரு வேணான்னா வேணாக்கா, எனக்கு இனிமே எழுதறதுக்கு யாரு இருக்குறா" என்று சொல்லிவிட்டு, என் அறையிலிருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துத் துலக்க ஆரம்பித்துவிட்டாள். சுத்தமாக இருந்த பாத்திரங்கள்.

அவள் எழுத்து உயர்ந்தது என்று நான் உனக்குச் சிபாரிசு செய்யவில்லை. கண்ணீர் அதிகம், வாக்கியங்கள் ஆயரின் பிரசங்கம்போல நீளமானவை. நன்றாக எழுதுவாளா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் அடக்கம் முடிந்த பிறகு அந்த வீட்டில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அடுப்பை மூட்டிப் பால் காய்ச்சுவாள். ஆறியதும் கொட்டிவிடுவாள். எழுத ஆரம்பித்த பிறகுதான் அது நின்றது. சனிக்கிழமை இங்கேயும், நாலு மணிக்குப் பால் இருக்கிறதா என்று கேட்டாள்.

உன் கடிதத்தில் ஒரு வரி அவளுக்குப் புரியவில்லை. பக்கத்துக் குடியிருப்புத் தியோடரின் மனைவி பத்திரிகையோடு அழுதுகொண்டே வந்து, 'போன கிறிஸ்துமஸுக்குப் பாப்பாவுக்கென்று என்னோடு கடைக்கு வந்து கவுன் வாங்கினீர்களே' என்று கேட்டாள், எல்லார் முன்னாலும் நான் என்ன பதில் சொல்ல முடியும் என்று எழுதியிருக்கிறாய். "கவுன் ஒண்ணும் வரலியே அக்கா, போன கிறிஸ்துமஸுக்குத்தான் கொழந்தையே இல்லியே, அவங்க வருஷத்த மாத்திச் சொல்றாங்களோ" என்றாள் கிரேஸ். அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

தியோடரின் மனைவி வருஷத்தை மாற்றிச் சொல்லவில்லை.

குழந்தை போனது போன வருஷம் அக்டோபரில். தந்தி கொடுத்தோம். லீவு கிடைக்கவில்லை என்று நீ எழுதினாய். நான் அதை நம்பினேன், இப்போதும் அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. தினமும் பார்க்கிற மனிதர்களிடம் நீ ஒரு வருஷமாகச் சொல்லவில்லை என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரிகிறது. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருப்பார்கள். நன்றாகப் படிக்கிறாள் என்று நீ சொல்லியிருப்பாய். மூன்றாம் வகுப்பு முடிந்து நாலாம் வகுப்புக்குப் போயிருப்பாள். சித்தூரில் போய்விட்ட குழந்தை பிலாயில் உன்னோடு ஒரு வருஷம் இருந்திருக்கிறாள். பத்திரிகை வந்த அன்று அங்கேயும் இல்லாமல் போய்விட்டாள். உன் கோபம் காசைப் பற்றியது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னித்துவிடு.

இதைக் கிரேஸிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான் அல்ல.

ஒன்று மட்டும் அவளுக்காக எழுதுகிறேன். அடக்க ஆராதனைக்கு அவள் எழுதிய தாள் ஆயரிடம் இருக்கிறது. போன ஞாயிறு கேட்டு வாங்கிப் பார்த்தேன். தகப்பன் வரவில்லையே, அவர் பெயரைக் கடைசியில் போட்டால் போதும் என்று அன்று சிலர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவள் காதில் வாங்கவில்லை. பிரிவால் வருந்துவோர் என்று எழுதி, உன் பெயரைத்தான் முதலில் வைத்திருக்கிறாள். தன் பெயரை உனக்குப் பிறகு. பத்திரிகையிலும் அதே வரிசைதான். நீ அங்கே அழுதாயா என்று தெரியாமலேயே, அழுகிறவர்களில் நீதான் முதல் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாள்.

திருச்சானூருக்குப் போ என்று அவளுக்கு ஒரு கார்டு போடு. காரணம் எழுத வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். ஒரு வரி போதும். கிறிஸ்துமஸுக்கு வந்து போ. ஓடு அதற்குள் மாற்றிவிடுவோம், ரங்கையா வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன்.

நான் அதிகம் ஜெபிக்கிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். இந்த வாரம் உனக்காக ஜெபித்தேன். கர்த்தர் உன்னைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும்போது பெட்டியில் இருக்கிற அந்தக் கவுனையும் கொண்டு வந்து, கிரேஸின் கையில் கொடு.

என்றும் உன் அன்புள்ள அக்கா,
எலிசபெத்