எர்கினுக்குச் சொல்லாமல் விட்ட ஜெபம்

அன்பு மகள் ஜிப்பாருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவர் தயவில் நன்றாக இருக்கிறோம், கடல் தாண்டி இஞ்சியோன் நகரத்தில் இருக்கும் உனக்கு உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி பனியோடு போய்விடும் என்று பார்த்தோம், பனி போனது, வலி போகவில்லை, ஆனாலும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போகத்தான் செய்கிறார். சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிடுவாய். எழுதினால் கை நிதானமாகப் போகிறது.

எர்கின் மாமாவின் மனைவி சொனூன் வீட்டுச் சமையலறையில் வியாழக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பெண்கள் கூடுகிறோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, ஜெபக்கூட்டம் என்று நினைத்திருப்பாய். ஜெபமும் உண்டு, அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியும் தான் எழுதியதை வாசிக்கவேண்டும். சபையில் நாம் பாடுவதெல்லாம் வேறு நாட்டுக்காரர்கள் எழுதி யாரோ நம் பாஷைக்கு மாற்றியது, நம் குளிரும் நம் குதிரையும் அதில் இல்லை, நம் வாயில் வருவதை நாமே எழுதினால் ஆண்டவருக்குப் புரியாதா என்று சொனூன்தான் ஆரம்பித்து வைத்தாள். நான் முதலில் எழுதியது பால் கறப்பதைப் பற்றி நாலு வரி. வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்து முடித்துவிட்டு இன்னொரு தடவை வாசி என்றார்கள். அதற்காகவே அடுத்த வாரமும் எழுதினேன். ரொட்டி சுடும்போது செய்யும் ஜெபம், உன்னை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த பாதை, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது. ஆனால் எதை எழுத உட்கார்ந்தாலும் காதில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது, உறைந்த மண்ணில் மண்வெட்டி மோதும் சத்தம். வெளியே யார் தோண்டுகிறார்கள் என்று அப்பாவிடம் கேட்பேன், அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு ஒருவரும் இல்லை என்பார்.

மாமா செத்தபோது நீ தலைநகரம் பிஷ்கெக்கில் பெரியம்மா வீட்டில் படித்துக்கொண்டிருந்தாய். மேட்டில் தனியாக அடக்கம் செய்தோம் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். முதலில் ஊர் இடுகாட்டில்தான் வைத்தோம். நம் சபையில் முதலில் செத்தவன் அவன், அதனால் என்ன நடக்கும் என்று எங்களுக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் ஊர் திரண்டு இடுகாட்டு வாசலில் நின்றது. தாத்தா காலத்து மார்க்கத்தை விட்டவன் அந்தத் தாத்தாக்கள் பக்கத்தில் படுக்கக் கூடாது என்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றது அவனோடு சேர்ந்து வளர்ந்த தோரோகுலும் அவன் அம்மாவும். சின்ன வயதில் எர்கினுக்குக் கிண்ணம் கிண்ணமாகக் குதிரைப்பால் ஊற்றிக் கொடுத்தவள் அந்த அம்மா. அவள்தான், "நீங்களே எடுக்கிறீங்களா, இல்ல எங்க ஆளுங்க எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். வேறு கைகள் அவனைத் தொடவேண்டாம் என்று நானும் அப்பாவும் சொனூனுமே தோண்டினோம். போதகர் ருஸ்லானை விசாரிக்கவேண்டும் என்று போலீஸ் கூட்டிப்போயிருந்தது. மேட்டுக்கு ஏறும்போதே பனி கொட்ட ஆரம்பித்தது, அவசரமாக மூடிவிட்டு இறங்கினோம். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்கள் யார் வாயிலும் ஒரு பேச்சில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அதை எழுதினேன். யார் பெயரும் போடவில்லை, என் தம்பி பெயர் மட்டும் போட்டேன். சொனூன் அடுப்பைப் பார்த்து நின்றபடியே முழுவதும் கேட்டாள். எல்லாரும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் திரும்பி, "எஜே, அவரைக் கம்பளத்துல சுத்தினோம்னு எழுதியிருக்கீங்க. கம்பளம் இல்ல, என் கல்யாணக் கோட்டு. அதைச் சரியா எழுதுங்க" என்றாள். என்னைவிட இளையவர்கள் எல்லாரும் என்னை அப்படி அக்கா முறை சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். உட்கார்ந்த இடத்திலேயே அடித்துத் திருத்தினேன். போதகருக்குத்தான் பயம். எழுதினது நிஜம்தான், ஆனால் இந்த ஊரில்தானே நாம் வாழவேண்டும், சந்தோஷமான சாட்சிகளாக எழுதக்கூடாதா என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அன்றைக்குப் போலீஸில் அடி வாங்கியவர் அவர். இருந்தாலும் பேச்சு எப்படியோ வெளியே போய்விட்டது.

பத்து நாள் முன்னால், அப்பா மலையில் இருந்த நேரம், தோரோகுல் வீட்டுக்கு வந்தான். உள்ளே வந்து உட்கார்ந்தான், டீயைத் தொடவில்லை, ரொட்டியில் மட்டும் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டான். நீங்கள் எழுதினதை வாசியுங்கள் என்றான். ஆண்டவரே என் குரலைப் பிடித்துக்கொள்ளும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வாசித்தேன். அவன் அம்மா கேட்ட கேள்வி வரும் இடத்திலும் நிறுத்தவில்லை. வாசித்து முடித்தேன். பிறகு சொன்னான், ஜனவரிக் குளிரில் அவன் அம்மா போனபோது இடுகாடு முழுக்க மண் பாறையாக இருந்ததாம், ஒரே ஒரு இடத்தில்தான் மண்வெட்டி இறங்கியதாம், ஏற்கெனவே தோண்டிய மண், எர்கினை நாங்கள் வெளியே எடுத்த குழி. அங்கேதான் வைத்தார்களாம். "கனவுல வந்து கேக்குறா எஜே, இது யாரோட இடம், யாரோட இடம்னு. நான் என்ன சொல்ல? எர்கினை அந்த மேட்டுல வெச்சப்ப நீங்க என்ன ஓதினீங்க? அதைச் சொல்லுங்க, அம்மாகிட்ட போய்ச் சொல்றேன், அவன் நல்லபடியாப் போயிட்டான்னு."

"ஒண்ணுமே ஓதலப்பா. மூடிட்டு வந்துட்டோம்" என்றேன். அவன் என்னையே பார்த்தான், பிய்த்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க நான் எழுதினேன். சொல்லாமல் விட்ட ஜெபத்தை எழுதினேன். எர்கின் விசிலடிப்பதை, குதிரைக்கு லாடம் அடிக்கும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்பதை எல்லாம் ஆண்டவருக்குச் சொல்கிற மாதிரி எழுதினேன். வியாழக்கிழமை வாசித்ததும், இதைச் சமையலறையில் வைத்துக்கொள்வதற்கா எழுதினீர்கள் என்று சொனூன் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஊர் நடுவாகவே நடந்து மேட்டுக்குப் போனோம். போதகரும் வந்தார். கதவுகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள், யாரும் தடுக்கவில்லை. வாசித்தேன். கீழே பாதையில் தோரோகுல் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான், தொப்பியை எடுக்கவில்லை, போகவும் இல்லை. இறங்கி வந்தபோது எங்கள் முன்னால் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க அம்மாவுக்கும் ஒண்ணு எழுதுவீங்களா எஜே?" என்று கேட்டான். சொனூனைப் பார்த்தேன். அவள் மேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எழுதுவாங்க" என்றாள்.

இரண்டு நாளாக உட்காருகிறேன். ஒரு வரி வரவில்லை. குதிரைப்பால் கிண்ணத்தை நினைத்தால் இடுகாட்டு வாசலும் கூடவே வருகிறது. இரண்டும் ஒரே அம்மாதானே, எதை விட்டு எதை எழுதுவது? இரண்டையும் எழுதத்தான் வேண்டும் போலிருக்கிறது. எனக்காக ஜெபம் பண்ணு மகளே, முதல் வரி கிடைத்தால் போதும்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அந்நிய மண்ணில் உனக்கு நல்ல மனுஷர்களைக் காட்டுவாராக. ராத்திரி வேலை என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போ. அங்கே நம் ஆட்கள் கூடும் சபைக்குக் களைப்பென்று சொல்லி நின்றுவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஜூரா