மாடி அறை ஜன்னலுக்கு நாலு சட்டம்

ஜூலை 7, திங்கள்

இன்றும் மாடி அறை ஜன்னல் விசில் அடித்துத்தான் என்னை எழுப்பியது. எங்களோடு வந்து தங்கிய கையோடு தம்பி அந்த அறையின் பழைய ஜன்னலைப் பெயர்த்துவிட்டுப் புதிதைப் பொருத்தினான். குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கிறதே, அதை மறைத்து உட்பக்கம் நாலு புறமும் மரச்சட்டம் அடிக்க வேண்டும். அதற்குள் உற்சாகம் வடிந்துவிட்டது. சந்தில் பழைய பேப்பரைத் திணித்துவிட்டுப் படுத்துவிட்டான். அது ஆகிறது நாலு மாதம்.

மத்தியானம் அவன் மனைவி போன் செய்தாள். பிரிந்து ஒரு வருடமாகிறது, என் வாயில் இன்னும் ‘தம்பி மனைவி’ என்றுதான் வருகிறது. மகளை முதல்முறையாக இங்கே இரவு தங்க அனுப்பச் சம்மதமாம். சனிக்கிழமை காலை விட்டுவிட்டு ஞாயிறு மாலை அழைத்துப் போவாளாம். இத்தனை நாள் அப்பாவுக்கும் மகளுக்கும் ஐஸ்கிரீம் கடையில் ஒரு மணி நேரம்தான்.

“ஆனா அண்ணி, ரூமைப் பார்த்துட்டுத்தான் விடுவேன். ஜன்னலைச் சுத்திப் பேப்பர் திணிச்சு வச்சிருக்காராமே, வீடியோ கால்ல பட்டாணி பார்த்திருக்கா. ஆரம்பிச்சதுல ஒண்ணையாவது முடிச்சிருக்காரான்னு பார்க்கணும்.”

பட்டாணிக்கு ஒன்பது வயது. ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், உருண்டுகொண்டே இருப்பாள். பெயர் வந்தது அப்படித்தான்.

தம்பியிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தான். “நாலு கட்டைதானேக்கா? ஒரு மணி நேர வேலை.”

அந்த ஒரு மணி நேரம் இத்தனை நாள் எங்கே ஊர் சுற்றிக்கொண்டிருந்ததோ!

ஜூலை 8, செவ்வாய்

ஹார்டுவேர் கடை. “உள் அளவா, வெளி அளவா?” என்றார் கடைக்காரர். நான் ‘உள்’ என்றேன், அதே மூச்சில் இவன் ‘வெளி’ என்றான். “வீட்டுல பேசி முடிச்சுட்டு வாங்களேன்,” என்றார்.

சட்டத்துக்கு ஒரு விளிம்பு தடிமன், ஒரு விளிம்பு மெல்லிசு. தடிமன் வெளிப்பக்கம் வர வேண்டுமாம். மூலைகளில் சாய்வாக அறுத்து ஒன்றோடொன்று சேர்க்க வேண்டுமாம். எங்கள் இருவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கேட்டதைப் போல இரண்டு மடங்கு மரத்தை அவராகவே கட்டிக் கொடுத்தார். எனக்கு ரோஷமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

ஆபீஸில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். தம்பி மரத்துக்கு உப்புத்தாள் தேய்த்தானாம் — தேய்த்திருக்கிறான், கொடியில் காய்ந்த என் புடவையெல்லாம் மரத்தூள்.

ஜூலை 10, வியாழன்

சீக்கிரம் வீட்டுக்கு வந்து அறுக்க உட்கார்ந்தோம். மேஜைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். எதிரெதிரே உட்கார்ந்தால்தானே சண்டை போட வசதி! அவன் பென்சிலால் சாய்கோடு போட, நான் ரம்பம் பிடிப்பதாக ஏற்பாடு. எனக்கு இடது கைப் பழக்கம். அவன் கோடு போட்டுத் தள்ளிய கட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டால்தான் எனக்கு அறுக்க வரும். திருப்பியதில் தடிமன் விளிம்பு எந்தப் பக்கம் போனது என்று இருவரும் பார்க்கவில்லை. “ஒருத்தராவது நாற்காலியை மாத்திப் போட்டு உட்காருங்களேன்,” என்று என் வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார். கேட்கிற ஜென்மங்களா நாங்கள்?

நாலையும் அறுத்து, தரையில் சேர்த்துப் பார்த்தால் எல்லாச் சாய்வும் தலைகீழ். ஒரு மூலையும் சேரவில்லை. கூர்முனைகள் நாலு திசையிலும் நீட்டிக்கொண்டு நின்றன.

இவர் எட்டிப் பார்த்தார். “மாப்ளே, இது ஜன்னலுக்கா, இல்ல பட்டாசுக் கடை விளம்பரத்துக்கா?”

சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. தம்பி சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்தான். “அவ சொன்னது சரிதான்க்கா. பட்டாணிய வர வேணாம்னு சொல்லிடு.” போய்ப் படுத்துக்கொண்டான்.

ஒரு கட்டைக்காகப் பெத்த பொண்ணையே வர வேணாம்பானா? லூசுப் பய. ஏன்டா சிரிச்சேன்னு எனக்கும் ஆயிடுச்சு. குழந்தை இப்பவே பைய எடுத்து வச்சிருக்கும்.

இவருக்குத் தெரிந்த தச்சர் ஒருவரை நாளைக் காலை வரச் சொல்லிவிட்டேன். தம்பியைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

ஜூலை 11, வெள்ளி

லீவு போட்டேன். தச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். தம்பி மாடி அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றான். தலை பரட்டை, கண் சிவப்பு.

“மன்னிச்சுக்குங்கண்ணே. வேலை நடந்துட்டிருக்கு.”

அவன் தோளுக்கு மேலே, அறைத் தரையில் கிடந்ததை எட்டிப் பார்த்தார் தச்சர். “நடந்த வேலையைத்தான் பார்த்துட்டேனே தம்பி.” சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார், நல்ல மனிதர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “டேய், நாளைக்குக் காலையில வந்து நிப்பாங்கடா!”

“தெரியும்க்கா. நீ கீழ போ.”

“நான் பிடிச்சுக்கிறேன், நீ அடி—”

“நீ பிடிக்கவும் வேணாம், பேசவும் வேணாம்.” கதவைச் சாத்திவிட்டான்.

என் வீட்டு அறை, என் முகத்திலேயே கதவு!

கீழே வந்து கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ரம்பம் சத்தம் கேட்டால் கோணலாக அறுக்கிறானோ என்று பயம். கேட்காவிட்டால் படுத்துவிட்டானோ என்று அதைவிடப் பயம். டீ கொண்டு போய்க் கதவருகே வைத்தேன். உள்ளே போகவில்லை. எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்? “காதை மாடியிலயே கழட்டி வச்சுட்டு வந்துட்டியா?” என்று இவர் கேட்டார்.

படுக்கப் போகும்போது சுத்தியல் சத்தம். நடுவில் ஒரு “ச்சே”. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

தம்பி மனைவி தண்ணீர்கூடக் குடிக்காமல் மாடி ஏறினாள். நான் பின்னாலேயே.

நாலு சட்டமும் சுவரில் இருந்தன.

பக்கச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. மேல் வலது மூலை மட்டும் சரியாகச் சேராமல், சந்தில் பட்டிப் பசை வைத்து அடைத்திருந்தான். அதை அழுத்தினாள். ஈரம். கட்டைவிரல் தடம் அப்படியே பதிந்துவிட்டது.

“இன்னும் காயல,” என்றான் தம்பி. அவன் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

விரலைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள். “கீழ் மூலை ரெண்டும் நல்லா வந்திருக்கு,” என்றாள். மகளின் பையைக் கட்டிலில் வைத்தாள்.



பட்டாணிக்குத்தான் ஏமாற்றம். “விசில் எங்கப்பா?”

“அடைச்சுட்டேன்டா.”

“போங்கப்பா! அதைக் கேக்கத்தானே வந்தேன்!”

ஜூலை 13, ஞாயிறு

மத்தியானம் பட்டாணி என் போனை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய் அம்மாவிடம் ரகசியம் பேசினாள். குளியலறையில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்காததுபோல் நானும் தம்பியும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். டிவி ஓடவில்லை.

மாலை பட்டாணியின் அம்மா வந்தாள். கையில் புத்தகப் பை, மடித்த சீருடை.

“இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும்தான் அண்ணி. நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் ஸ்கூல்ல விட்டுடணும். அவர்கிட்ட சொல்லிடுங்க.”

“மேலதான் இருக்கான். நீயே சொல்லேன்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறினாள். வெகுநேரம் இறங்கவில்லை. என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் படியேறவில்லை.

தம்பிதான் சீருடைக்கு இஸ்திரி போட்டான். காலர், இரண்டு கை, பாவாடையின் மடிப்பு ஒவ்வொன்றும். இப்போது ஜன்னலின் மேல் சட்டத்தில் ஹேங்கரை மாட்டித் தொங்க விட்டிருக்கிறான். பட்டாணி தூங்குகிறாள்.