முதலாளி கொடுத்தனுப்பிய ஃபேன்

என் தங்கமான ஸ்டெல்லா அக்காவுக்கு,

நம் வீட்டுக்கு ஒரு டேபிள் ஃபேன் வந்திருக்கிறது. கொடுத்தனுப்பியது யார் தெரியுமா? பீங்கான் கம்பெனி முதலாளி! நீ இருந்தவரை ஒரு டம்ளர் மோர் வாங்கித் தராத மனுஷன். நான் இன்னும் அதன் சுவிட்சைத் தொடவில்லை. தொட்டாலும் சுற்றாது, பாதி நாள் கரண்ட் இல்லை. பீங்கான் பொம்மையும் கரண்டுக்குப் பியூஸ் கட்டையும் செய்கிற ஊரில் இந்தக் கூத்து.

போன கத்திரி வெயிலில், சூளைக்குள் இறங்கி வெந்த சரக்கை எடுக்கும்போது சுருண்டு விழுந்தாய். "வெயிலு தாங்காம போயிட்டாங்க" என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டது யார்? உன் மகள் ரோஸி காலேஜ் போக ஆசைப்பட்டவள், இப்போது உன் இடத்தில் வேலை பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் ஹாலில் கூட்டம். பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்று வெளியூர் சார் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். பொய் என்று சொல்லமாட்டேன். ஐப்பசியில் வராத மழை மாசியில் வந்து, காயவைத்த மண் பொம்மையைக் கரைக்கிறதே, நமக்குத் தெரியாதா? ஆனால் நம் விறகடுப்புப் புகையைக் காட்டினவர், முதலாளி ரூம் ஏசி நாம் மண் பிசைகிற பக்கம் அனல் கக்குவதை ஏன் காட்டவில்லை? மறந்துவிட்டாரா, மறக்கச் சொன்னார்களா?

முதலாளி எழுந்தார். "வெயிலுக்கு ஏழை பணக்காரன்னு தெரியுமாங்க? நம்ம ஸ்டெல்லாவையே கொண்டுபோயிடுச்சே, நாம என்ன பண்ண முடியும்?" என்று கண்ணைத் துடைத்தார். பிறகு என்னிடம், "நீயும் ரெண்டு வார்த்த சொல்லும்மா" என்றார். ஃபேன் எதற்கு வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

நீ விழுந்த நாள் ஞாபகம் வந்தது அக்கா. சூளைக் கதவில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்ப்பாயே, அன்றும் தெளித்தாய். சுர்ரென்றது. "இன்னும் ஆறலடி, நாளைக்கு எறக்கலாம்" என்றாய். "லாரி நிக்குது, எறங்குங்க" என்றவர் இதே முதலாளி.

கேட்டே விட்டேன். "வெயிலு எல்லாருக்குந்தாங்க அடிச்சுது. ஆறாத சூளையத் தொறக்கச் சொன்னது யாருங்க?" "பாவம், துக்கத்துல பேசுது" என்று முதலாளி சிரித்தார்.

நாளைக்குச் சூளை திறக்கிறார்கள். சாயங்காலம் சூப்பர்வைசர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். "நாளைக்கு நீ வரவேணாம்மா. சம்பளத்தோட லீவு, மொதலாளி சொன்னாரு. ரோஸிய மட்டும் சீக்கிரம் வரச் சொல்லு." சம்பளத்தோடு லீவா? நம் கம்பெனியிலா? உன் அடக்கத்துக்கே அரை நாள்தானே விட்டார்கள்?

நான் போவேன் அக்கா. ரோஸிக்கு முன்னால் நின்று கதவில் தண்ணீர் தெளிப்பேன். சுர்ரென்றால் உன் மகளை உள்ளே இறங்க விடமாட்டேன், எத்தனை லாரி நின்றாலும் சரி. இது சத்தியம். ஃபேனையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். காற்று வேண்டியது ஆறாத அவர் சூளைக்குத்தானே.

உன் கூடப்பிறந்த சண்டைக்காரி,
மேரி